நரம்பும் தசையும்: சவ்வின் வாயிலில் நிகழ்வது

'நரம்பு' என்னும் சொல் தமிழில் பலபொருள் குறித்த ஒருசொல். யாழில் கட்டிய தந்திக்கு அதுவே பெயர். பேரியாழ் 21 நரம்பு உடையது, செங்கோட்டியாழ் 7 நரம்பு உடையது என்று யாழின் வகை கூறுவோர் நரம்பின் தொகை கொண்டே வேறுபாடு காட்டுவர். இலையின் புறத்தே ஓடும் வரைகளும் நரம்பு எனப்பெறும். புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதுமகளின் தோளில் நரம்பு புடைத்துத் தெரிகிறது. அது குருதிக் குழாயாகவோ தசையை எலும்போடு பிணிக்கும் நாணாகவோ இருத்தல் கூடும். இன்றைய உடலியலார் நரம்பு என்று வழங்கும் உறுப்பிற்குத் தோலின்மேல் அவ்வாறு எழுந்து தோன்றும் இயல்பு பெரும்பாலும் இல்லை.

பேச்சு வழக்கிலும் இக்கலப்பு நீங்கவில்லை. கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டால் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்கின்றோம். கழுத்துச் சுளுக்கினால் 'நரம்பு பிசகிவிட்டது' என்கின்றோம். ஊசி போடும் செவிலியர் கையில் சிரையைத் தேடிக் காணாதபோதும் 'நரம்பு கிடைக்கவில்லை' என்றே கூறுகின்றனர். இவ்வழக்குகளைப் பிழையென்று தள்ளுதல் நம் கருத்தன்று; மொழி தன் போக்கில் செல்லும். ஆயின் இப்பொருள்கள் பலவற்றிலும் உள்ளுறைந்து கிடப்பது ஒரே உருவகம் என்பதை நோக்க வேண்டும். நரம்பு என்பது முறுக்கி இழுத்துக் கட்டிய கயிறு. ஒரு முனையில் இழுத்தால் மறுமுனை அசையும். பாவைக்கூத்தில் கயிற்றை இழுக்கப் பாவையின் கை உயர்வது போல, மூளை நரம்பை இழுக்கக் கை உயர்கிறது என்று கற்றோரும் மனத்துள் எண்ணிக்கொள்ளுதல் உண்டு.

உண்மை வேறு. நரம்பு தசையை இழுப்பதில்லை; அதனைத் தொடுவதும் இல்லை. நரம்பின் முனைக்கும் தசையின் சவ்விற்கும் இடையே ஒரு வெளி உண்டு. அவ்வெளியைக் கடந்து ஒரு செய்தி ஒப்படைக்கப்பெறுகிறது. பெற்றுக்கொண்ட தசை தன் ஆற்றலால் தானே சுருங்குகிறது. இவ்வொப்படைப்பு யாங்ஙனம் நிகழ்கிறது என்பதை விளக்குவதும், அறிவியலைத் தமிழில் எழுதுவோர் அதனைக் கூறும்போது எச்சொல்லில் இடறுகின்றனர் என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இது நூலோர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சி அன்று. மதுரையில் வைகையின் வடகரையில், ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்ததும் அமைந்த பகுதி கோரிப்பாளையம். தர்காவால் பெயர் பெற்ற அப்பகுதியை அடுத்தே அரசு இராஜாஜி மருத்துவமனையும், 1954ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. சுற்றுவட்டார மக்கள் நாவில் அது 'பெரியாஸ்பத்திரி'. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் முதலிய வயல் சார்ந்த ஊர்களிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் அங்குக் கொண்டுவரப்பெறும் நோயாளருள் இருசாரார் நம் கருத்திற்கு உரியவர். ஒரு சாரார் நல்லபாம்போ கட்டுவிரியனோ தீண்டியவர். மற்றொரு சாரார் பூச்சிக்கொல்லி மருந்து உட்கொண்டவர், அல்லது தெளிக்கும்போது அதற்கு ஆட்பட்டவர். இருவகையாரிடத்தும் தொடக்கத்தில் நரம்பின் தண்டு பழுதுபடவில்லை. தசையின் சுருங்கும் திறனும் பழுதுபடவில்லை. ஆயினும் இமை தாழ்கிறது, கழுத்து நிற்கவில்லை, மூச்சு ஓய்கிறது. கெட்டது எது? இரண்டிற்கும் இடையே உள்ள அச்சிறு வெளியில் நிகழ வேண்டிய ஒப்படைப்பே கெட்டது.

இவ்வெளி ஒன்று உண்டு என்பதை அறிஞர் உலகம் உணர்ந்ததே ஒரு நஞ்சின் துணையால்தான். இத்தாலியப் பேரறிஞர் கால்வானி, தவளையின் காலில் மின்பொறி பட்டவுடன் அது துடித்ததைக் கண்டு 1791இல் நூல் வெளியிட்டார். நரம்பில் ஓடுவது ஒருவகை மின்சாரம் என்னும் கொள்கை அதன்வழி வேரூன்றியது. மின்சாரம் என்றால் கம்பி வேண்டும். கம்பி தசைவரை சென்று தொட வேண்டும் என்று எண்ணுதல் இயல்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார், தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தோய்க்கும் குராரே என்னும் நஞ்சைத் தவளைக்கு ஊட்டி ஆராய்ந்தார். நரம்பைத் தூண்டினால் தசை சுருங்கவில்லை. தசையின்மீதே மின்னைப் பாய்ச்சினால் அது நன்றாகச் சுருங்கியது. நஞ்சு படாமல் காத்துவைத்த பகுதியில் நரம்பும் தன் பணியைச் செய்தது. நரம்பும் நன்று, தசையும் நன்று, எனினும் ஏவல் செல்லவில்லை என்றால், ஏவல் கைமாறும் இடம் ஒன்று தனியே இருத்தல் வேண்டும் என்பது தேற்றம்.

அவ்விடத்தில் கைமாறுவது மின்சாரம் அன்று, ஒரு வேதிப்பொருள் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளர்த்தி, அதைச் சூழ்ந்திருந்த நீரை மற்றோர் இதயத்தில் இட்டார். நரம்பு தூண்டப்பெறாத அவ்விரண்டாம் இதயமும் தளர்ந்தது. நீரோடு ஏதோ ஒரு பொருள் சென்றிருத்தல் வேண்டும். அது அசிடைல்கோலின். நாம் விரும்பி இயக்கும் தசைகளிலும் நரம்பு முனை வெளியிடுவது அப்பொருளே என்று ஹென்றி டேலும் அவர்தம் குழுவினரும் 1936இல் காட்டினர். லோவிக்கும் டேலுக்கும் அவ்வாண்டிலேயே நோபல் பரிசு கிட்டியது.

இனி, நிகழ்ச்சியை முறையே காண்போம். தசையிழை என்பது நீண்ட ஓர் உயிரணு. அதனைச் சூழ்ந்த சவ்வு கொழுப்புப் பொருளால் ஆகிய இரட்டைப் படலம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. சவ்வின் அகத்தே பொட்டாசியம் மிகுதி. புறத்தே சோடியம் மிகுதி. இவை நீரில் மின்னேற்றம் பெற்ற அயனிகளாக உள்ளன. கொழுப்புப் படலத்தைத் தாமே கடக்கமாட்டா. கடப்பதற்குப் புரதத்தால் ஆகிய வாயில்கள் சவ்வில் பதிந்துள்ளன. தசை ஓய்ந்திருக்கும்போது சோடியத்திற்குரிய வாயில்கள் மூடிக்கிடக்கின்றன. அயனிகளின் இவ்வேற்றத்தாழ்வால் சவ்வின் அகம் புறத்தினும் ஏறத்தாழ 90 மில்லிவோல்ட்டு எதிர்மின் நிலையில் இருக்கிறது. 90 மில்லிவோல்ட்டு சிறிதெனத் தோன்றும். ஆயின் அது நிலவும் படலத்தின் மெல்லிமையைக் கருதினால், சென்டிமீட்டர் அளவிற்கு ஓர் இலட்சம் வோல்ட்டு என்னும் விகிதத்தில் மின்விசை அங்கு நிற்கிறது. ஆகவே ஓய்ந்திருக்கும் தசையும் உண்மையில் நாண் ஏற்றிய வில்லே. யாழ் நரம்பின் இறுக்கத்தை நாடுவோர்க்கு அது இங்குக் கிடைக்கும். நரம்பில் அன்று, சவ்வில்.

தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்புத் துடிப்பு, நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் விரைவில் ஓடி முனையை அடைகிறது. முனையில் கால்சியத்திற்குரிய வாயில்கள் திறக்கின்றன. புறத்தேயிருந்து கால்சியம் உட்புகுகிறது. முனைக்குள் அசிடைல்கோலினை அடைத்துவைத்த நுண்பைகள் பல உள்ளன. ஒவ்வொரு பையிலும் அதன் மூலக்கூறுகள் பல்லாயிரம். கால்சியம் புகுந்தவுடன் அப்பைகள் சில நரம்புச் சவ்வோடு ஒட்டித் திறந்து தம் உள்ளீட்டை வெளியே சொரிகின்றன. கொட்டப்பெறுவது துளித்துளியாக அன்று, பைபையாகவே என்பதைக் கண்டவர் இலண்டனில் பணியாற்றிய பெர்னார்டு கட்ஸும் அவருடன் உழைத்தோரும். அதனை நிறுவிய கட்டுரை 1954இல் வெளிவந்தது. கட்ஸுக்கு 1970இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது.

வெளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. கண் காணாத இவ்வகலத்தை அசிடைல்கோலின் மிக விரைவில் கடந்து தசைச் சவ்வை அடைகிறது. அங்கு மடிப்பு மடிப்பாக அமைந்த ஒரு பகுதியில் ஏற்பிகள் நெருங்கிக் குழுமியுள்ளன. ஏற்பி என்பது ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவே ஒரு துளை அமைய நிற்பது. அசிடைல்கோலின் மூலக்கூறுகள் இரண்டு உரிய இடங்களில் வந்து பொருந்தினால் துளை திறக்கும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி திறந்திருந்து மூடும். அந்நேரத்துள் சோடியம் உள்ளே பாய்கிறது. இத்தகைய ஒற்றை வாயில் ஒன்று திறந்து மூடுவதைத் தவளைத் தசையில் நேரே அளந்து காட்டினர் நேயர், சாக்மன் என்னும் செருமானிய அறிஞர் இருவர். அஃது 1976இல்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இங்கு ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. உயிரீற்று நிலைமொழிமுன் உயிர்முதல் வருமொழி வந்தால் இரண்டும் தாமே ஒட்டா. இடையில் யகரமோ வகரமோ தோன்றி அவற்றை உடம்படுத்தும். அதனை உடம்படுமெய் என்பர். நரம்பின் மின்துடிப்பும் தசையின் மின்துடிப்பும் அத்தகைய ஈருயிர். ஒன்று மற்றொன்றினுள் நேரே பாயாது. அசிடைல்கோலின் இடையே தோன்றி இயைக்கிறது. ஒப்புமை இவ்வளவிற்றே, உடம்படுமெய் சொல்லில் நிலைத்து நிற்கும், அசிடைல்கோலினோ தன் பணி முடிந்தவுடன் அழிக்கப்பெறும். அவ்வழிவு இன்றியமையாதது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சோடியம் உட்புகுந்ததால் ஏற்பிகள் உள்ள இடத்தில் சவ்வின் மின்னழுத்தம் தளர்கிறது. இத்தளர்ச்சி அவ்விடத்தளவில் நிற்பது. தானே நெடுந்தொலைவு பரவாது. ஆயின் அருகில் வேறொரு வகை வாயில்கள் உள்ளன. அவை வேதிப்பொருள் பொருந்தித் திறப்பன அல்ல. மின்னழுத்தம் ஓர் எல்லைக்கு மேல் தளர்ந்தால் திறப்பன. அவை திறந்தவுடன் சோடியம் பெருக்கெடுத்துப் புகுந்து, சவ்வின் அகம் கணநேரம் நேர்மின் நிலைக்கே ஏறிவிடுகிறது. அடுத்துள்ள வாயில்கள் அதனால் திறக்க, அவற்றை அடுத்தவை பின் திறக்க, தசையிழையின் இரு கோடிவரை துடிப்பு ஓடுகிறது. இவ்விருவகை வாயில்களின் வேறுபாட்டை மாணவர் உள்ளத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதப்பெற்ற பாடங்கள் சில இரண்டையும் ஒன்றாக்கி 'சவ்வு தூண்டப்படுகிறது' என்று ஒரு தொடரில் முடித்துவிடுகின்றன. நஞ்சுகள் எங்கே கை வைக்கின்றன என்பதை அத்தொடரிலிருந்து அறிய வழியில்லை.

சவ்வின் மேற்பரப்பில் துடிப்பு ஓடியது சரி. தசையின் ஆழத்தில் உள்ள சுருங்கும் இழைகள் அதனை எப்படி அறியும்? மேற்பரப்பிலிருந்து ஏதேனும் ஒரு பொருள் கசிந்து ஊறி நடுவரை செல்லும் என்றால், தசை சுருங்கும் விரைவிற்கு அது போதாது என்று 1940களின் இறுதியில் ஏ. வி. ஹில் கணக்கிட்டுக் காட்டினார். விடை சவ்வின் அமைப்பிலேயே உள்ளது. சவ்வு ஆங்காங்கே மெல்லிய குழல்களாக உள்மடிந்து தசையிழையை ஊடறுத்துச் செல்கிறது. துடிப்பு இக்குறுக்குக் குழல்களின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. குழலை ஒட்டிக் கால்சியத்தைச் சேமித்துவைத்த பைகள் உள்ளன. குழற்சவ்வில் பதிந்த ஒரு புரதம் மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து தன் வடிவம் பிறழ, அதனைத் தொட்டு நிற்கும் சேமப்பையின் வாயில் திறக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தொட்டு இயக்குதல் என்பதை இந்நிகழ்ச்சி முழுவதிலும் தேடினால் முதற்கண் கிடைப்பது இவ்விடத்தில்தான். இதயத் தசையில் இது வேறு. அங்குப் புறத்தேயிருந்து சிறிது கால்சியம் உட்புகுந்தாலன்றிச் சேமப்பை திறவாது. கால்சியம் அற்ற நீரில் தவளையின் இதயம் துடிப்பு ஒழிவதை சிட்னி ரிங்கர் 1883இலேயே கண்டிருந்தார்.

வெளிவந்த கால்சியம் தசைக்குள் நூறு மடங்கு அளவிற்குப் பெருகுகிறது. அது ட்ரோபோனின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. இப்புரதத்தை 1960களில் கண்டவர் சப்பானிய அறிஞர் எபாஷியும் அவர்தம் குழுவினரும். அதனால் தடை நீங்க, மயோசின் என்னும் தடித்த இழையின் தலைகள் ஆக்டின் என்னும் மெல்லிழையைப் பற்றி இழுக்கின்றன. இழைகள் தாம் குறுகுவதில்லை; ஒன்றினூடே ஒன்று வழுக்கிச் செல்கின்றன. இவ்வழுக்குக் கொள்கையை ஹக்ஸ்லி என்னும் ஒரே பெயருடைய, ஆயின் உறவினர் அல்லாத இருவர், தனித்தனித் துணைவரோடு 1954இல் ஓரிதழிலேயே வெளியிட்டனர். மதுரை மருத்துவக் கல்லூரி தோன்றியதும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்ததும் அதே ஆண்டு என்பது வெறும் தற்செயலே. எனினும் நினைவிற்கு உதவும். இழுப்பதற்கும் ஆற்றல் வேண்டும், பிடி விடுவதற்கும் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைத் தரும் ஏ.டி.பி. என்னும் பொருள் தீர்ந்துபோன உடலில் தலைகள் பற்றிய பிடியை விடமாட்டாமையே பிணத்தின் விறைப்பு.

இனி, அசிடைல்கோலின் அழிவு. வெளியில் அசிடைல்கோலினெஸ்டரேசு என்னும் நொதி காத்திருக்கிறது. வந்த மூலக்கூறுகளை ஆயிரத்தில் சில நொடிக்குள் அது இரண்டாகப் பிளந்துவிடும். ஓர் ஏவல் முடிந்தது, அடுத்த ஏவலுக்கு இடம் தூய்மையாயிற்று என்று பொருள். எழுதிய பலகையைத் துடைத்தாலன்றி மேல் எழுத இயலாதன்றோ!

இவ்வளவும் அறிந்தபின் கோரிப்பாளையத்திற்குத் திரும்புவோம். நல்லபாம்பின் நஞ்சில் உள்ள சிறு புரதங்கள் தசைச் சவ்வின் ஏற்பியில், அசிடைல்கோலின் பொருந்த வேண்டிய இடத்தில் தாம் சென்று அமர்ந்துகொள்கின்றன. செய்தி வருகிறது, பெறுவார் இல்லை. பெர்னார் கண்ட குராரேயின் செயலும் இதுவே. கட்டுவிரியனின் நஞ்சிலும் இத்தகைய புரதம் உண்டு. அதனோடு வேறொன்றும் உண்டு. அது நரம்பு முனையினுள் புகுந்து, முதலில் நுண்பைகள் திறவாதபடி செய்து, பின்னர் முனையையே சிதைத்துவிடுகிறது. இங்குச் செய்தி அனுப்புவாரே இல்லை. இவ்விருவகை நஞ்சையும் கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றிலிருந்து பிரித்துக் காட்டியவர் தைவான் நாட்டு அறிஞர் சாங், லீ என்போர், ஆண்டு 1963. பெறுமிடத்தை அடைப்பது, அனுப்புமிடத்தை அழிப்பது என்னும் இவ்வேறுபாடு நூலளவில் நிற்பதன்று. நல்லபாம்பு தீண்டியவர்க்கு நச்சுமுறிவு மருந்தோடு, அசிடைல்கோலினைப் பிளக்கும் நொதியைச் சிறிது அடக்கும் நியோஸ்டிக்மின் மருந்தும் பலகால் பயன்படுகிறது. வெளியில் அசிடைல்கோலின் மிகுந்து நிற்க, எஞ்சிய ஏற்பிகள் அதனைப் பெறுகின்றன. கட்டுவிரியன் தீண்டியவர்க்கு முனை சிதைந்தபின் அம்மருந்தால் ஆவது சிறிதே. நச்சுமுறிவு மருந்தும் குருதியில் உலவும் நஞ்சை முறிக்குமேயன்றிச் சிதைந்த முனையை ஒட்டவைக்காது. முனை மீளத் தளிர்க்கும்வரை, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ, வெண்டிலேட்டர் என வழங்கும் செயற்கைச் சுவாசக் கருவியே மூச்சை நடத்த வேண்டும். தளிர்த்தபின் அவர் எழுந்து நடந்து வீடு திரும்புதல் இயலும்.

இவ்விடத்தில் பெயரிடல் பற்றி ஒன்று கூறுதல் தகும். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என மூன்றையும் 'விரியன்' என்றே தமிழ் வழக்குத் தொகுத்துள்ளது. முதலிரண்டும் பெரும்பாலும் குருதியையும் கடித்த இடத்துத் தசையையும் கெடுப்பன. வீக்கமும் குருதிப்போக்கும் உண்டாக்குவன. கட்டுவிரியனோ நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரவில் தரையில் பாய் விரித்து உறங்குவாரைத் தீண்டும். வீக்கமும் வலியும் பெரும்பாலும் இரா. பல்பட்ட தடமும் சிலபோது புலனாகாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுகின்றார், பின் இமை தாழ்கிறது, சொல் குழறுகிறது. 'விரியன் என்றால் வீங்க வேண்டுமே' என்று பெயரை நம்பிக் காத்திருப்பின் இழப்பது உயிர். தீண்டிய உறுப்பை அசைக்காமல், கட்டும் கீறலும் இன்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே செய்யத்தக்கது. இந்நான்கு பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் மருந்து குதிரையின் குருதியிலிருந்து ஆக்கப்பெறுகிறது. அதற்கு வேண்டும் நஞ்சில் பெரும்பங்கை வழங்கிவந்தது 1978இல் அமைந்த, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ள, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

மேலும் ஒன்று. இந்நஞ்சுகள் ஏவல் கைமாறும் இடத்தைக் கெடுக்கின்றனவேயன்றி மூளையைக் கெடுப்பதில்லை. கட்டுவிரியன் தீண்டி முற்றும் செயலற்றவரின் கண் திறவாது, கை அசையாது, கண்மணியும் சிலபோது ஒளிக்குச் சுருங்காது. பார்ப்பவர் 'உயிர் போய்விட்டது' என்றே கருதுவர். அவரோ மூச்சுக்குறைவால் மூளை கெடாதவரை உணர்வோடு இருத்தல் கூடும். படுக்கையருகே சுற்றத்தார் பேசுவதும் அழுவதும் அவர் காதில் விழுதல் கூடும். நரம்பு 'அறுந்துவிட்டது' என்னும் கயிற்று உருவகத்தால் இந்நிலையை விளங்கிக்கொள்ள இயலாது. இடைவெளியை அறிந்தவர்க்கு அஃது எளிதில் விளங்கும். கருவியை நிறுத்துமாறு அவர் மருத்துவரை வற்புறுத்தமாட்டார்.

பூச்சிக்கொல்லியின் செயல் இதற்கு நேர்மாறு. கரிமப் பாசுபரச் சேர்மங்கள் வெளியில் நிற்கும் நொதியைப் பற்றி முடக்குகின்றன. பலகையைத் துடைப்பார் இல்லை. அசிடைல்கோலின் தேங்கித் தேங்கி ஏற்பிகளை ஓயாது தட்டுகிறது. முதலில் தசைகள் தோலின்கீழ் புழு நெளிவது போலத் துடிக்கின்றன. பின்னர், ஓயாத தூண்டலாலேயே சவ்வு மீண்டு எழ வகையின்றித் தளர்ந்து செயலறுகிறது. பெறுவார் இன்மையாலும் ஏவல் தவறும், ஏவல் மிகையாலும் தவறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. அசிடைல்கோலின் சுரப்பிகளுக்கும் தூதாதலின் வாயிலும் மூச்சுக்குழலிலும் நீர் பெருகுகிறது. கண்மணி ஊசிமுனையளவு சுருங்குகிறது. மருத்துவர் தரும் அட்ரோபின் நீர்ப்பெருக்கை அடக்குகிறது, தசைத் தளர்ச்சியை அடக்குவதில்லை. காரணம், தூது ஒன்றேயாயினும் சுரப்பியில் உள்ள ஏற்பி வேறு, தசைச் சவ்வில் உள்ள ஏற்பி வேறு என்பதே. நோயாளி தேறிவிட்டார் என்று கருதும் நிலையில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் தோளும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளர்தல் உண்டு. இதனைத் தனி நிலையாகப் பிரித்துணர்ந்து 1987இல் எழுதியவர் இலங்கை மருத்துவர் சேனநாயக்கவும் கரலியத்தவும். வேளாண் மக்கள் நிறைந்த நம் நாட்டுப் பகுதிகளின் துன்பத்திலிருந்து உலக மருத்துவம் கற்ற பாடம் இது.

நியோஸ்டிக்மின் செய்வதும் நொதியை அடக்குதலே, பூச்சிக்கொல்லி செய்வதும் அதுவே. அளவும் பற்றின் வன்மையும் வேறு. 1934இல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்னும் மருத்துவர், தசைகள் விரைவில் களைத்துத் தளரும் மயாஸ்தீனியா என்னும் நோய் குராரே நஞ்சின் விளைவை ஒத்திருத்தலைக் கண்டு, குராரேக்கு மாற்றான இவ்வகை மருந்தொன்றைக் கொடுத்துப் பயன் கண்டார். அந்நோயில் உடலின் காப்புப் புரதங்களே ஏற்பிகளைத் தாக்குகின்றன என்பது 1973க்குப் பின் தெளிந்தது. மின்விலாங்கின் ஏற்பியை முயலுக்குச் செலுத்தியபோது முயல் அந்நோயுற்றது, அதுவே வழிகாட்டிற்று.

இறுதியாகச் சொல் பற்றிய சிலவற்றைக் கூறுவோம். மருத்துவத்தைத் தமிழில் எழுதுதல் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. அன்று தொடங்கிய கலைச்சொல் முயற்சி இன்றும் ஓர் இடத்தில் தயங்கி நிற்கிறது. நரம்பும் தசையும் எதிர்ப்படும் இடத்தை 'நரம்புத் தசைச் சந்தி' என்றும் 'சந்திப்பு' என்றும் எழுதுகின்றனர். சந்தி என்பது இலக்கணத்தில் புணர்ச்சி. தெருவில், வழிகள் ஒன்றாகும் முச்சந்தி நாற்சந்தி. இரண்டும் கூடுதலையே குறிக்கும். இங்கோ கூடாமையே உண்மை. 'நரம்புத் தசை இடைவெளி' என்பது வெளியை மட்டும் குறித்து, இருபுறத்துச் சவ்வுகளையும் விட்டுவிடும். 'நரம்புத் தசை இணைவாய்' என்று வழங்கலாம் என்பது நம் கருத்து. வாய் என்பது வாயிலையும் குறிக்கும். கொடுப்பதும் பெறுவதும் அதன்கண் அடங்கும். 'தசைநார்' என்னும் சொல்லைச் சிலர் சுருங்கும் தசையிழைக்கும், சிலர் எலும்போடு பிணிக்கும் நாணுக்கும் வழங்குகின்றனர். முன்னதற்குத் தசையிழை என்றும் பின்னதற்குத் தசைநாண் என்றும் வரையறுத்துக்கொண்டால், நரம்பு என்னும் சொல் தன் பழைய யாழ்ப்பொருளோடும் புதிய உடற்பொருளோடும் இடர்ப்பாடின்றி நிற்கும்.